ட்ராயிங் சுத்தமா வரல, ஃபேஷன் டிசைனிங் படிச்சு தேற முடியுமா?

கோபி_ஊசிநூல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல பிஎஸ்சி காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன், சுருக்கமா சிடிஎஃப், ஃபர்ஸ்ட் இயர் படிக்கறேன், ஊரு கோபி பக்கம். எங்க அம்மாச்சி பழைய சேலைய வெட்டி எனக்கு பாவாடை தச்சு குடுக்கும், அத பாத்து பாத்து வந்த ஆசை, அதான் வீட்ல சண்ட போட்டு சேந்தேன். இப்ப பிரச்சனை என்னன்னா எனக்கு படம் வரைய வரலீங்க. ஃபேஷன் இல்லஸ்ட்ரேஷன் கிளாஸ்ல ஒம்பது தலை உயரத்துக்கு பொம்மை வரைய சொல்றாங்க, மத்த புள்ளைங்க எல்லாம் அரை மணி நேரத்துல வாட்டர் கலரோட முடிச்சிருதுங்க, நான் வரைஞ்சா வயல்ல நிக்கற கொக்கு மாதிரி இருக்குது. போன வாரம் மிஸ் அத கிளாஸ் முன்னாடி தூக்கி காட்டி இது பொண்ணா சோளக்காட்டு பொம்மையான்னு கேட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு ஹாஸ்டல்ல வந்து அழுதேன்.

அம்மா வேற ஃபோன் பண்ணும்போதெல்லாம் மூணு வருசம் ஃபீஸ் கட்டி டெய்லர் ஆகறதுக்கு நம்ம தெருமுக்குல இருக்கற அக்காகிட்டயே அனுப்பியிருக்கலாம்னு சொல்லுது. படம் வரலைன்னா இந்த லைன்ல இருக்கவே முடியாதுங்களா? இல்ல வேற எதுல கவனம் வெக்கணும்? லேப்டாப் வாங்கியே ஆகணும்னு வேற சொல்றாங்க.

ஒத்தக்கருத்து

பேசாம பிகாம்க்கு மாறிடு. சிடிஎஃப் முடிச்ச என் சித்தி பொண்ணு இப்ப வீட்ல ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டுட்டு இருக்கா. நிஃப்ட்னு சென்ட்ரல் கவர்மென்ட் ஃபேஷன் காலேஜ் இருக்கே, அதுல சீட் கெடைக்கலைன்னா இந்த படிப்பு வேஸ்ட்.

தரமணி_பழசு

ஒத்தக்கருத்து, உங்க சித்தி பொண்ணு சொந்தமா சம்பாதிக்கறத ஏதோ கெட்ட செய்தி மாதிரி சொல்றீங்களே. முகூர்த்த மாசத்துல ஒரு நல்ல ஆரி கைக்கு எவ்ளோ டிமாண்ட்னு அவங்ககிட்டயே கேட்டு பாருங்க.

தங்கச்சி, நான் சென்னை நிஃப்ட்ல படிச்சவ. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஒம்பது தலை உயரத்துல மனுஷங்க யாருமே கெடையாது, நம்ம எல்லாம் ஏழரை தலை கணக்குதான். அது டிரஸ் நீளமா அழகா தெரியறதுக்காக பண்ற ஒரு வழக்கம், அவ்ளோதான். நல்ல போஸ் ஒரு பத்து வச்சுக்கோ, மேல பட்டர் பேப்பர போட்டு ட்ரேஸ் பண்ணி அதுமேல டிரஸ் மட்டும் வரைஞ்சு பழகு. இதுல ஏமாத்தற வேலை ஒண்ணும் இல்ல, வேலைக்கு போன எடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க. முகம் வரைய வரலைன்னா விட்டுடு, முகத்துக்கு மார்க் போடறவங்க கம்மி.

நீ உண்மையா கத்துக்க வேண்டிய ட்ராயிங் ஃப்ளாட். டிரஸ்ஸ தரையில விரிச்சு போட்டு மேலேந்து பாத்தா எப்படி இருக்கும், அந்த படம். முன்பக்கம் பின்பக்கம், தையல் எங்க போகுது, டாப் ஸ்டிச் ஒரு வரியா ரெண்டு வரியா, ஜிப் எங்க முடியுது எல்லாம் அதுல தெரியணும். அதுக்கு கலைஞன் கை வேண்டாம், ஸ்கேலும் பொறுமையும் போதும். உன் அலமாரில இருக்கற ஒவ்வொரு டிரஸ்ஸையும் விரிச்சு போட்டு ஃப்ளாட் வரை, தினம் ஒண்ணு. ஒரு மாசத்துல சட்டை காலருக்குள்ள எத்தனை பீஸ் ஒளிஞ்சிருக்குன்னு உனக்கே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, பாரிஸ்ல மெடலின் வியோனேன்னு ஒருத்தங்க, 1912ல சொந்த கடை தொறந்தாங்க, துணிய மூலைக்கு மூலை சாய்வா வெட்டி, அதுக்கு பேரு பயாஸ், டிரஸ் பண்றதுல அவங்கள மிஞ்ச ஆள் கெடையாது. அவங்க டிசைன் பண்ணது சின்ன மரப்பொம்மை ஒண்ணு மேல துணிய சுத்தி சுத்தி. பேப்பர்ல ஆரம்பிக்கல, துணில ஆரம்பிச்சாங்க. உனக்கு படம் வரலைன்னா துணிலேந்து ஆரம்பி.

பனியன்_மெர்ச்சண்டைசர்

திருப்பூர்ல இருந்து எழுதறனுங்க, எக்ஸ்போர்ட்ல மெர்ச்சண்டைசரா, அதாவது பையர் குடுக்கற ஆர்டர ஆரம்பத்துல இருந்து அனுப்பற வரைக்கும் பாத்துக்கற வேலைல, பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. வருசா வருசம் உங்க மாதிரி சிடிஎஃப் முடிச்ச புள்ளைங்கள இன்டர்வியூ எடுக்கறவன், அதனால காலேஜ்ல சொல்லாதத சொல்றேன்.

வர்றவங்க எல்லாம் போர்ட்ஃபோலியோவ விரிப்பாங்க, இறக்கை வச்ச கவுனு, மயில் தோகை, நல்லாத்தான் இருக்கும். நான் அத பாத்துட்டு டேபிள்ல கெடக்கற துணி துண்டு ஒண்ண எடுத்து குடுத்து இது என்னம்மான்னு கேப்பேன். பாதி பேரு காட்டன்னுவாங்க. காட்டன் சரி, பின்னல் என்ன வகை, சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா ரிப்பா? முழிப்பாங்க. வெட்டுன ஓரத்த லேசா இழுத்தா சிங்கிள் ஜெர்சி சுருண்டுக்கும், இன்டர்லாக் சுருளாது, ரிப்பு குறுக்க ரப்பர் மாதிரி இழுபடும், இத தெரிஞ்சுக்க பத்து செகண்ட் போதும், ஆனா மூணு வருசத்துல அந்த பத்து செகண்ட் யாரும் அவங்களுக்கு குடுக்கல போல.

அடுத்த கேள்வி ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு. வட்டமா வெட்டற கட்டர் இருக்குமுங்க, அது வெட்டற துண்டு 100 சதுர சென்டிமீட்டர், அத தராசுல போட்டு வர்ற கிராம 100ஆல பெருக்குனா ஜிஎஸ்எம். 1.6 கிராம்னா 160. இப்ப கணக்கு பாருங்க, ஒரு டிசர்ட், நீளம் 70, கை 20, மடிப்புக்கு தையலுக்கு 10, மொத்தம் 100 சென்டிமீட்டர். மார்பு பாதி அளவு தையலோட 55, முன்னாடி பின்னாடின்னு ரெண்டால பெருக்குனா 110. ஆக 1.1 சதுர மீட்டர், 160 ஜிஎஸ்எம் துணின்னா 176 கிராம், வெட்டறதுல போற வேஸ்ட் பத்து பர்சென்ட் சேத்தா 193 கிராம் சொச்சம். கிலோவுக்கு அஞ்சு பீஸ். பின்னல் துணி எங்களுக்கு கிலோ கணக்குலதான் வரும், மீட்டர்ல இல்ல. இந்த கணக்க வாயாலயே சொல்ற புள்ளைய நான் இன்னிக்கே வேலைக்கு எடுத்துக்குவேன், அவ பொம்மை வரைஞ்சா என்ன வரையாட்டி என்ன.

வேலைக்கு வந்தா டிசைனோட முழு விவரம் எழுதுன டெக் பேக், மெஷர்மென்ட் சார்ட், கலர் சரியான்னு பாக்கற லேப் டிப், அளவு பாக்கற ஃபிட் சேம்பிள், மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி காட்டற பிபி சேம்பிள் இதுதான் பொழப்பு. லீவுல ஒரு மாசம் ஏதாவது ஒரு கம்பெனி சேம்பிளிங் செக்ஷன்ல போய் உக்காருங்க, சம்பளம் குடுக்காட்டியும் பரவால்ல. சும்மா வேடிக்கை பாக்காம செக்கிங்ல நின்னு பிசிறு வெட்டுங்க, ஓவர்லாக் அக்காகிட்ட பேசுங்க. ஒரு டிசைன் ஏன் தைக்க லேட் ஆகுதுன்னு அவங்கள விட யாருக்கும் தெரியாது.

மதுரை_மாஸ்டர்

நான் படிக்காத ஆளு, நாப்பது வருசமா கத்தரி பிடிக்கேன், பேரன் டைப் பண்ணி குடுக்கான். தாயி, டெய்லர் வேலைய உங்கம்மா சொல்ற மாதிரி கொறச்சு நெனைக்காத. உனக்கு ஒரு வழி சொல்லுதேன், ஒரு கிராஸ் கட் பிளவுஸ உருப்படியா வெட்ட கத்துக்க. பிளவுஸ்தானேன்னு எல்லாரும் சொல்லுவாக. ஒடம்புல ஒட்டி நிக்கணும், கைய தூக்குனா மேல ஏறக்கூடாது, அக்குள்ல மடிப்பு விழக்கூடாது, மூச்சு விட எடம் இருக்கணும், இதை விட கஷ்டமான துணி எதுவும் கெடையாது. கோட்டு தைக்கிறவன் கேன்வாஸ் வச்சு தப்ப மறைப்பான், பிளவுஸ்ல மறைக்க எடம் இல்ல.

முன்பக்கத்த ஏன் கிராஸ்ல வெட்டுதோம்? நேர் இழை இழுபடாது, மூலைக்கு மூலை இழுத்தா இழுபடும், அதான் மார்புக்கு மேல துணி தானா வளைஞ்சு குடுக்கும். அதுக்கே உங்க பாரிஸ்காரம்மாவுக்கு பேரு, நம்ம தெருவுல பண்ணா அது தையல். போகட்டும்.

தச்சது சரியில்லன்னா பிரிக்க பழகு. என் கடைக்கு வேலை கத்துக்க வந்த பயலுக்கு முதல் மூணு மாசம் காஜா எடுக்கதும், ஹூக் கட்டதும், தையல் பிரிக்கதும்தான். அடுத்தவன் தச்சத பிரிச்சா அவன் எதுக்கு பொறவு எத தச்சான்னு தெரியும். பழைய சட்டை நாலு வாங்கி பிரிச்சு, அயர்ன் போட்டு, பேப்பர்ல வச்சு வரைஞ்சு பாரு. அதை விட பெரிய புஸ்தகம் கெடையாது.

தரமணி_பழசு

மாஸ்டர் சொன்னதுக்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். ஆனா பனியன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. எல்லா புள்ளைங்களையும் மெர்ச்சண்டைசரா ஆக்கிடாதீங்க அண்ணா. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே கிலோவுக்கு எத்தனை பீஸ்னு மட்டும் யோசிச்சா அந்த பொண்ணு கடைசி வரைக்கும் ரவுண்ட் நெக் டிசர்ட்தான் பண்ணுவா. எனக்கு தெரிஞ்ச எத்தனை பேரு நல்ல கற்பனையோட வந்து அஞ்சு வருசத்துல பையரோட பழைய ஸ்டைல்ல பாக்கெட்ட மட்டும் மாத்தி அனுப்பற ஆளா ஆயிட்டாங்க தெரியுமா. ராகுல் மிஸ்ரா உத்தரப் பிரதேச கிராமத்துலேந்து வந்தவர், முதல்ல படிச்சது பிசிக்ஸ், அப்புறம்தான் அகமதாபாத்ல என்ஐடிங்கற டிசைன் காலேஜ். 2014ல டிசைனர்களுக்கு குடுக்கற சர்வதேச உல்மார்க் பரிசு வாங்கின முதல் இந்தியர், 2020 ஜனவரில பாரிஸ் ஓட் கூட்டூர், அதாவது கைவேலை நெறைஞ்ச உசந்த ரக டிரஸ் வாரத்துல ஷோ பண்ண முதல் இந்திய டிசைனரும் அவர்தான். அவர் துணி மேல இருக்கற பூ பூச்சி எல்லாம் கை எம்பிராய்டரி. அந்த மாதிரி ஒண்ணு கிலோ கணக்குல வராது.

பனியன்_மெர்ச்சண்டைசர்

அம்மணி, கோவிச்சுக்காதீங்க, நான் கற்பனை வேண்டாம்னு சொல்லல. அந்த கை எம்பிராய்டரிக்கு எத்தனை பேரு எத்தனை நாளு உக்காரணும், கூலி என்ன, அது போட்ட துணி பாரம் தாங்குமான்னு அவருக்கு கணக்கு தெரியாம இருக்குமா? கணக்கு தெரிஞ்சவன் கற்பனைதான் தறியில இருந்து எறங்கி ஒடம்புக்கு வரும்.

இன்னொண்ணு, 2011 ஜனவரில ஹைகோர்ட் ஆர்டர் போட்டு இங்க சாயப்பட்டறைய எல்லாம் மூடுனாங்க, நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி போனதால. நான் அப்ப ஜூனியர். பையரு ஆறு கலர் கேட்டிருக்கான், துணி இருக்குது தைக்க ஆள் இருக்குது, சாயம் போட எடம் இல்ல. அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சுது, ஸ்கெட்ச் புக்குல சும்மா தீட்டற கருஞ்சிவப்புக்கு பின்னாடி எவ்வளவு தண்ணி இருக்குன்னு. இதெல்லாம் டிசைனர் யோசிக்க வேண்டாமா?

தரமணி_பழசு

அந்த கருஞ்சிவப்பு பாயிண்ட ஒத்துக்கறேன். ரவுண்ட் நெக்க ஒத்துக்க மாட்டேன் 😄

தறிவீட்டு_பையன்

காஞ்சிபுரத்துலேந்து. எங்க வீட்ல மூணு தறி இருந்துச்சு, இப்ப ஒண்ணு. டிசைன் ஸ்டூடண்ட்ஸ் எங்க தெருவுக்கு அடிக்கடி வருவாங்க, க்ளஸ்டர் ஸ்டடி டாக்குமென்டேஷன்னு. நெறைய பேரு காலைல வந்து தறில உக்காந்து ஒரு ஃபோட்டோ, அப்பா கைய க்ளோசப்ல ஒரு ஃபோட்டோ, மத்தியானம் பஸ் ஏறிடுவாங்க. அப்புறம் எப்பவாச்சும் மெயில்ல ஒரு டிசைன் வரும், வட்ட வட்டமா வளைஞ்ச கொடி, அத நெய்ஞ்சு குடுங்கன்னு.

தறிக்கு வளைவு தெரியாதுங்க. தறில பூ போடற எங்க ஜக்கார்டு மெஷின் 240 கொக்கி, அதுக்குள்ளதான் பூ வரணும், எல்லாமே கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா படிக்கட்டு மாதிரிதான் ஏறும். அந்த படிக்கட்டுல அன்னம் எப்படி அன்னமா தெரியணும்னு யோசிக்கறதுதான் டிசைன். அப்புறம் கோர்வைன்னா உடலும் கரையும் வேற வேற கலர், குறுக்க நூல் கொண்டு போற நாடா மூணு ஓடும், கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் கூட உக்காரணும். ஒரே ஆள் நெய்ய முடியாது. கரைய இன்னும் ரெண்டு இன்ச் அகலமாக்குங்கன்னு ஃபோன்ல சுலபமா சொல்லிடறாங்க.

ஒரே ஒரு அக்கா மட்டும் பதினஞ்சு நாள் எங்க வீட்லயே தங்குனாங்க. நூல் சுத்துனாங்க, பாவு பிணைக்கறப்போ கூட நின்னாங்க, அம்மாகூட சமைச்சாங்க. அவங்க போட்ட டிசைன மட்டும் அப்பா ஒரு வார்த்தை சொல்லாம நெய்ஞ்சாரு. உங்க ஊர் பக்கம் பவானி ஜமக்காளம் இருக்கு, சென்னிமலை இருக்கு, காஞ்சிக்கு வர வேணாம், அங்கேயே போய் உக்காருங்க.

கோபி_ஊசிநூல்

படிச்சு முடிக்கறதுக்குள்ள ஹாஸ்டல்ல லைட் ஆஃப் பண்ணிட்டாங்க, எல்லாருக்கும் நன்றிங்க. மாஸ்டர் ஐயா சொன்னத படிச்சு அம்மாவுக்கு ஃபோன்லயே வாசிச்சு காட்டுனேன், ஒண்ணும் பேசல, சாப்டியான்னு மட்டும் கேட்டுச்சு. லேப்டாப் பத்தி யாரும் சொல்லலீங்களே?

தரமணி_பழசு

இப்ப வாங்காதே. லேப்ல இருக்கறதுல கத்துக்கோ, ஃப்ளாட் போட இன்க்ஸ்கேப் இலவசம், இல்லஸ்ட்ரேட்டர்ல பண்றதுல பெரும்பாலானது அதுல வரும். மூணாவது வருசம் கம்ப்யூட்டர்லயே டிரஸ் தச்சு பாக்கற க்ளோ 3டி பழகணும்னா அப்ப யோசி, அதுக்குத்தான் நல்ல மெஷின் வேணும். அந்த காசுல இப்ப ஒரு நல்ல கத்தரி வாங்கு, அதுல பேப்பர் வெட்டாதே.

மதுரை_மாஸ்டர்

பேப்பர் வெட்டுனா கைய ஒடிச்சிருவேன்.

பனியன்_மெர்ச்சண்டைசர்

துணி கடையில மீட்டர் கணக்குல வாங்கி காச கரியாக்காதீங்க. உங்களுக்கு ஈரோடு பக்கம்தான, கனி ஜவுளி மார்க்கெட் திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கும், போய் பாருங்க. பின்னல் துணி துண்டு வேணும்னா திருப்பூர் காதர்பேட்டை வாங்க. வாங்கற ஒவ்வொரு துணிலயும் ரெண்டு இன்ச் வெட்டி ஒரு நோட்டுல ஒட்டி வைங்க, பக்கத்துல பேரு, வெல, துவைச்சா எவ்வளவு சுருங்குச்சு, சாயம் போச்சா, எழுதுங்க. ஓரத்துல ரெண்டு நூல உருவி நெருப்பு வச்சு பாருங்க, காட்டன்னா காயிதம் எரியற வாசம், சாம்பல் ஊதுனா பறக்கும். பாலியஸ்டர் உருகி கெட்டி மணியா நிக்கும். பட்டு முடி கருகற நாத்தம், நசுக்குனா பொடியாயிரும். ஹாஸ்டல்ல பண்ணாதீங்க, வார்டன் புடிச்சுக்குவாங்க. மூணு வருசம் முடியறப்ப அந்த நோட்டு இருந்துச்சுன்னா இன்டர்வியூவுக்கு அத மட்டும் எடுத்துட்டு வாங்க.

ஒத்தக்கருத்து

சித்தி பொண்ணுகிட்ட கேட்டேன். ஆவணி முழுக்க புக் ஆயிடுச்சாம். நாலு பேர வேலைக்கு வச்சிருக்காளாம், எனக்கு இது தெரியாது. அவ சொல்ல சொன்னது ஒண்ணு: காலேஜ்ல சொல்லி தந்த காஸ்டிங், அதாவது செலவு கணக்க கவனிக்காம விட்டதுதான் மொத ரெண்டு வருசம் நஷ்டத்துக்கு காரணமாம், தன்னோட உழைப்புக்கு கூலியே போடாம துணி, நூல், கல்லு வெலைய மட்டும் கணக்கு பண்ணி பில்லு போட்டிருக்கா. பிகாம் மேட்டர நான் வாபஸ் வாங்கிக்கறேன்.

கோபி_ஊசிநூல்

மூணு மாசம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, செமஸ்டர் எக்ஸாம். இல்லஸ்ட்ரேஷன்ல பாஸ், அவ்வளவுதான், சொல்லிக்கற மாதிரி மார்க் இல்ல. ஆனா தரமணி அக்கா சொன்ன வியோனே அம்மா கதைய படிச்சுட்டு பழைய துணிய திணிச்சு பாதி அளவுல ஒரு பொம்மை உடம்பு பண்ணுனேன், என் அளவையே எல்லாம் ரெண்டா வகுத்து. பாதி அளவுன்னா துணி கால்வாசிதான் புடிக்குது, ஒரு மீட்டர் காடா துணில நாலு டிரஸ் போட்டு பாக்கலாம். அத கிளாஸ்க்கு எடுத்துட்டு போனேன், அதே மிஸ் கைல வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அவங்க டேபிள்லயே வச்சுக்கிட்டாங்க, சாயந்தரம்தான் குடுத்தாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா பிளவுஸ் கை வைக்கறப்ப தோள்கிட்ட சுருக்கம் சுருக்கமா நிக்குது. இது முழு அளவு பிளவுஸ், எனக்கே தச்சது. நாலு தடவ பிரிச்சு தச்சுட்டேன், துணியே நைஞ்சு போச்சு. அளந்து பாத்தா கை வளைவு, அத வெச்சு தைக்கற ஆர்ம்ஹோல் ஓட்டைய விட ரெண்டரை இன்ச் அதிகமா இருக்குது. கொஞ்சம் அதிகமா இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க, எவ்வளவுன்னு கேக்க பயமா இருந்துச்சு.

மதுரை_மாஸ்டர்

ரெண்டரையா, அது பஃப் கை தாயி 😀 காட்டன் பிளவுஸுக்கு அரை இன்ச்சு, மிஞ்சுனா ஒண்ணு. முதல்ல டேப்ப படுக்க வச்சு அளந்திருப்ப, அத நிமித்தி ஓரத்துல நிக்க வச்சு வளைவோட கூடவே ஓட்டு, அப்பத்தான் சரியான அளவு தெரியும். அப்பயும் அதிகம்னா கையோட உச்சிய கொஞ்சம் கொஞ்சமா எறக்கி வரைஞ்சு மறுபடி அள. இருக்கற அரை இன்ச்ச உச்சிக்கு ரெண்டு பக்கமும் மட்டும் லேசா பிடிச்சு விடு, அக்குள் பக்கம் சுருக்கம் கூடாது. காடா துணிய தண்ணில நனைச்சு காய வச்சு அயர்ன் போட்டுத்தான வெட்டுன?

கோபி_ஊசிநூல்

இல்லீங்க ஐயா.

மதுரை_மாஸ்டர்

அப்ப மொத அத நனை. நாளைக்கு வெட்டிட்டு ஃபோட்டோ போடு, உள்பக்கம் திருப்பி போட்டு எடு, வெளிப்பக்கம் எனக்கு வேண்டாம்.